வீண் நடை

இங்கிலாந்திலிருந்து வந்த அந்தப் பழுப்புப் பொதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மேலே ராணியின் தலை போட்ட முத்திரைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். நோர்வூட் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்துத் தபால்காரர் அதைப் பையில் சுமந்து வருவார். ஒரே மாதிரி இரண்டு பொதிகள். ஒன்று தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத் துரைக்கு, மற்றது தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு. எண்பதுகளின் கடைசியில் விவசாயப் பொருளியலில் முதுமாணிப் பட்டப்படிப்பைத் தபால் மூலம் படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் நாங்கள் இருவர்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவனும் துரையும் ஒரே வகுப்பு என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே இருந்தது.

வகுப்பு என்றால் அவருடைய பங்களாதான். சனிக்கிழமை பின்னேரங்களில் சேர்ந்து படிக்கக் கூப்பிடுவார். ஒருநாளும் முன்வாசலால் வரச் சொன்னதில்லை. பின்னால் சமைக்கிற குசினிப் பக்கத்தால் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவேன். சோபாவில் நாய் படுத்திருக்கும், எனக்கு ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான், சந்தையில் யாருடைய கையும் ஓங்கியிருக்காது என்று சொல்லும் நிறைபோட்டி பற்றிய பாடத்தைப் படித்தேன்.

தெரிந்த பண்ணை ஒன்றை எடுத்து, அங்கே உழைப்பு எங்கே வீணாகிறது என்று ஆராய்ந்து எழுதும்படி ஒரு பயிற்சி வந்தது. நான் நுவரெலியாப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தைப் பார்த்து எழுதினேன். சின்னத் துரை அவ்வளவு தூரம் மெனக்கெடவில்லை. கடிகாரமும் கையுமாகக் பெண்கள் கொழுந்து பறிக்கும் மலையில் போய் நின்றுகொண்டார். கைக்குழந்தைக்காரிகள் வேலைக்கு நடுவே மலையிலிருந்து இறங்கி, பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டிருக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிப்போவார்கள். அது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். அவனே அதைத் தடுத்ததில்லை. இவர் அதற்கு 'வீண் நடை' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் அது இன்னும் மிடுக்காக இருந்தது. கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "எப்படி மாஸ்டர், பாயின்ட் சரிதானே?" என்று கேட்டார்.

எழுதியதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த வாரமே, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் உத்தரவு போட்டார். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் மலையைவிட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் அரைப்பேர். எங்களிடம் ஒருநாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் சொல்வது. அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம்.

அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. அன்று பொழுதுசாய அவளுடைய லயத்துக்குப் போனபோது ரவிக்கை நனைந்து விறைத்திருந்தது.

"பாலு கட்டிக்கிச்சு தம்பி. வலி தாங்கல. தேயிலத் தூருல பீச்சி வுட்டுட்டு வந்தேன்" என்றாள். மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். குழந்தை காம்பராவில் கத்திக் கத்தி ஓய்ந்துபோய்த் தூங்கிவிட்டதாம். பங்களாவுக்குப் போகிறேன் என்று எழுந்தேன்.

"எனக்காகப் போயி நிக்காத. சொல்றதுன்னா பச்சப்புள்ளக்காரிங்க எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லு. நா மட்டும் எறங்கிப் போனா, நாளைக்கு அவளுக மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

அப்படியே சொன்னேன். அக்காவின் பேச்சையே எடுக்கவில்லை. எல்லோருக்குமாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க மாஸ்டர். எக்கனமிக்ஸ்ல அதுக்கு இடமில்லையே" என்றார். பிறகு பொதியில் வந்த புத்தகத்தைப் புரட்டி அதற்கான பக்கத்தையும் காட்டினார். என் அறையிலும் அதே புத்தகம், அதே பக்கம் இருந்தது. அன்றிலிருந்து அதைத் தொடும்போதெல்லாம் கை கழுவவேண்டும்போல் இருக்கும்.

கொஞ்ச நாளில் அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது. டின் பால்மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்ததில் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டது. சின்னத் துரையின் கட்டுரைக்கு மிக உயர்ந்த புள்ளி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் குசினிக் கதவு வழியாக எனக்கு ஒரு துண்டு கேக் அனுப்பினார். அதை அவருடைய நாய்க்கே போட்டேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்த உத்தரவு இருந்தது. படிப்பை விட்டுவிடப் பார்த்தேன், அக்கா விடவில்லை. முடித்தேன், ஆனால் பட்டத்தை எடுத்துப் பார்க்கும் ஆசை ஒருநாளும் வந்ததில்லை.

போன வருடம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் தோட்டப் பெண்களின் நலன் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். பிரதான பேச்சாளர் அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. தாய்ப்பாலின் அருமையைப் படம் போட்டு விளக்கினார், கை தட்டினார்கள். தேநீர் வேளையில் என் தோளில் கை போட்டு, "இவரும் நானும் ஒரே வகுப்பு" என்று நாலு பேருக்கு அறிமுகம் செய்தார்.

இனியும் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "கடிகாரத்த வச்சுக்கிட்டு நீங்க பாத்த பொம்பளைங்கள்ல என் அக்காவும் ஒருத்திங்க" என்றேன்.

அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? அவங்கள மட்டும் விட்டிருப்பேனே."