பெரியதம்பியின் ஏணியைப் பிடித்தவர்

பெரியதம்பி சுவர் கழுவுகிறவர். செஞ்சிக் கடைவீதியில் மாடி வைத்த வீடுகளுக்கெல்லாம் மழை முடிந்ததும் வெளிச்சுவரில் பாசி ஏறிக் கறுத்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அதைத் தேய்த்து எடுக்காவிட்டால், அடித்த சுண்ணாம்பு மாசிக்குள் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். அதனால் மார்கழியில் பெரியதம்பியைக் கையில் பிடிக்க முடியாது. மற்ற மாதங்களில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போவார், கிடைத்த வேலையைச் செய்வார்.

அவருக்கு உயரம் என்றால் பயம். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து கோட்டை ஏறுவது அவருக்கு விளங்காத விஷயம். கூலி இல்லாமல் ஒரு மனுஷன் எதற்காக உயரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்பார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நெல் வியாபாரி வீட்டில், ஏணியைப் பிடிக்க நின்ற கூலியாள், தெருவில் சினிமா நோட்டீஸ் வண்டி மேளத்தோடு போகவும், நோட்டீஸ் வாங்க ஓடிவிட்டான். ஏணி வழுக்கியது. பெரியதம்பியின் வலது கால் ஒடிந்து, கட்டுப் போட்டதில் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்துகொண்டது. பிற்பாடு அந்தப் படத்தை அவரும் பார்த்தார். ஒரு காலைக் கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் அவர் சட்டம் போட்டார். யாருடைய வீடோ அவர்தான் ஏணியைப் பிடிக்க வேண்டும். தன் வாசலில் ஒருவன் விழுந்து செத்தால் போலீஸ் வருமே என்ற கவலை வீட்டுக்காரருக்காவது இருக்கும் என்பது அவர் கணக்கு. கரண்டு வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. வெளிச்சுவரில் விளக்குக் கம்பி ஓடுகிற வீடாக இருந்தால், கரண்டு ஓடாதபடி மெயினிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டுதான் ஏறுவார். ஈரச் சுவரில் அவர் நிற்கும்போது உள்ளே யாருக்காவது ரேடியோ கேட்கத் தோன்றிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

காலனி ஆள் மேலே நிற்க முதலாளி கீழே நின்று பிடிப்பதா என்று கடைவீதி குதித்தது. குதித்துவிட்டு வேறு ஆட்களைக் கூப்பிட்டது. அவர்கள் இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியோடு பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெரியதம்பி தேங்காய் நாரும் தண்ணீருமாக, பச்சைப்பிள்ளைக்கு முதுகு தேய்ப்பது போலத் தேய்ப்பார். ஒவ்வொரு முதலாளியாக வந்து ஏணியைப் பிடித்தார்கள்.

மல்லாட்டை மண்டி பாலசுப்பிரமணியன் மட்டும் மசியவில்லை. ஆனால் அவர் மகள் ஜெயத்துக்கு அனந்தபுரத்தில் ஓர் இடம் தரகர் மூலமாகக் கூடி வந்தது. பொங்கல் கழித்துப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கென்றே புது மேஜை ஃபேன் வாங்கி வைத்தாயிற்று. சுவர் மட்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தது.

"விடியக்காலையில வா. கடை தொறக்கிறதுக்குள்ள முடிச்சிடணும்" என்று பாலசுப்பிரமணியன் பெரியதம்பிக்குச் சொல்லியனுப்பினார்.

பெரியதம்பி பீஸ் கட்டையை மடியில் முடிந்துகொண்டு ஏறினார். பாலசுப்பிரமணியன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி ஏணியைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒழுகிய பாசித் தண்ணீர் அவரைத் தலையிலிருந்து இடுப்பு வரை பச்சையாக்கியது. மாடிச் சுவர் பாதி முடிந்திருந்தபோது வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது.

மார்கழியில் யாரும் நல்ல காரியத்துக்குப் புறப்பட மாட்டார்கள். ஆனால் பையனின் அப்பா சிங்காரவேலு நல்ல காரியத்துக்கு வரவில்லை, வீட்டை நோட்டம் பார்க்க மனைவியோடு வந்திருந்தார். பாலசுப்பிரமணியனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏம்பா, மண்டிக்காரர் வூடு இதானே? ஐயா கீறாரா?" என்று ஏணியைப் பிடித்திருந்தவரிடமே கேட்டார்.

பாலசுப்பிரமணியன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "உள்ள அம்மா இருக்காங்க, போங்க" என்றார்.

அவர்கள் உள்ளே போனார்கள். பெரியதம்பிக்குச் சிரிப்பு வந்தது. ஏணி மேல் சிரிப்பது நல்லதில்லை என்று அடக்கிக்கொண்டார்.

உள்ளே சாரதா அம்மாள் விருந்தாளிகளை உட்கார வைத்து, மார்கழிக் குளிரில் ஃபேன் சுவிட்சைப் போட்டார். அது ஓடவில்லை. வாசலுக்கு வந்து கணவரைப் பார்த்தார். அவர் கண்ணைக் காட்டி உள்ளே அனுப்பிவிட்டு, அண்ணாந்து பார்த்தார்.

"டேய், பீஸ் கட்டையப் போடு."

"எறங்கித்தான் தருவேன், மொதலாளி."

"மெல்லப் பேசுடா. மொதலாளின்னு கூப்புடாத, உள்ள கேட்டுடும். நீ அசையாம நில்லு. நான் கொல்லப்பக்கமாப் போயி ரெண்டு சொம்பு ஊத்திக்கினு, சட்டை போட்டுக்கினு வந்துடறேன்."

"வேணாம் மொதலாளி. கல்லு வழுக்குது. நான் எறங்கிடறேன்."

"எறங்க எவ்ளோ நேரமாவும் உனக்கு" என்று சொல்லிக்கொண்டே பாலசுப்பிரமணியன் கையை எடுத்தார்.

பெரியதம்பிக்கு அது முதலில் காலில்தான் தெரிந்தது. ஏணி லேசானது போல இருந்தது. அப்புறம் அதன் ஒரு கால் பாசித் தண்ணீர் ஓடிய கல்லில் சரக்கென்று நகர்ந்தது. கெட்டியாகப் பற்றிக்கொள்ள அந்தச் சுவரில் ஒன்றுமில்லை, மாடி ஜன்னல் கம்பிகூட எட்டாத தூரத்தில் இருந்தது. முதலாளி என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான்.

"பாலசுப்பிரமணியா" என்று கத்தினார்.

அந்தத் தெருவில் அந்தப் பெயரை அப்படி மொட்டையாகக் கூப்பிட்டவர் மண்டிக்காரரைப் பெற்ற, செத்துப்போன நைனா ஒருவர்தான். பாலசுப்பிரமணியன் இரண்டே எட்டில் ஓடி வந்து ஏணியை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஏணி நின்றது. உள்ளிருந்து சிங்காரவேலுவும் அவர் மனைவியும் வெளியே வந்தார்கள். எதிர்க்கடைக்காரர்களும் வந்தார்கள்.

சிங்காரவேலு பச்சையாக நின்ற ஆளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது?"

"ஆமாங்க" என்றார் பாலசுப்பிரமணியன், ஏணியை விடாமல்.

சிங்காரவேலு தலையைத் தூக்கிப் பெரியதம்பியைக் கேட்டார். "இன்னாப்பா, நாங்க உள்ள போனப்புறங்கூட இவரு கைய விடலியா?"

மாடி ஜன்னலில் ஜெயம் நின்றிருந்தாள். அவள் அப்பா கையை விட்டதை அவளும் பார்த்திருந்தாள். பெரியதம்பியைப் பார்த்த அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியதம்பிக்கு உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது, அவ்வளவு ஆத்திரம்.

"விடலீங்க" என்றார்.

சிங்காரவேலு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? சம்பந்தி வூட்டுக்காரன் வாசல்ல வந்து நிக்கறான், கும்புடக்கூட கைய எடுக்கல மனுஷன். மேல ஒரு உசுரு இருக்குதுன்னு நெனைக்கிற ஆளு. நம்ப பையனுக்கு இந்த வூட்லயே எடுக்கலாம்."

பெரியதம்பி ஒவ்வொரு படியாக இறங்கி, பீஸ் கட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். ஃபேன் ஓடியது. விருந்தாளிகள் மரியாதைக்காக அதன் எதிரில் உட்கார்ந்து நடுங்கினார்கள்.

அவர்கள் போன பிறகு பாலசுப்பிரமணியன் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெரியதம்பி நாரைப் பிழிந்துகொண்டிருந்தார். பெயர் சொன்னதற்குக் கணக்குத் தீர்க்க வருகிறார் என்று எதிர்க்கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"ஜெயம் பாப்பாவுக்காகச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லல."

பாலசுப்பிரமணியன் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். "மிச்சச் சுவரு இருக்குதே. நாளைக்கு வரியா? நான் பிடிக்கிறேன்."

"வரேன்" என்றார் பெரியதம்பி. "நீங்க வேணாம். அம்மாவ வரச் சொல்லுங்க."

மறுநாள் சாரதா அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்தார். கடைகள் திறந்தன, பஸ் போயிற்று, தெருவே நின்று பார்த்தது. பாலசுப்பிரமணியன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சுவர் முடிகிற வரைக்கும் ஏணி அசையவில்லை.