கந்தசாமி கேட்ட காரணம்

கடவுள் இருக்கிறார் என்று காரணம் காட்டிப் பேசும் வேலையில் உள்ள ஒரே வசதி, அவர் குறுக்கே வந்து நம்மைத் திருத்துவதில்லை என்பது, சிரமமும் அதுதான். சங்ககிரிப் பக்கம் ஒரு சின்ன சபையில் நான் உபதேசியார். கேள்வி கேட்கிறவர்களைப் போதகர் என் பக்கம் தள்ளிவிடுவார். நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டவர் என்றால், லாரி முதலாளி கந்தசாமி மாதிரி ஒருவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். அவர் மனைவி ராஜாமணி எங்கள் சபைக்கு வர ஆரம்பித்திருந்தார். கந்தசாமி சண்டை போடவில்லை. மனசு ஒப்புகிற மாதிரி நான் ஒரு காரணம் சொன்னால் மனைவி தொடர்ந்து வரலாம், இல்லையென்றால் கிறிஸ்துமஸோடு சரி என்றார். அன்றிலிருந்து ராஜாமணி அக்கா, பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் மாதிரி என்னைப் பார்க்கத் தொடங்கினார்.

லாரியும் உலகமும்

முதல் நாள் அவருடைய லாரி ஆபீஸில், வாசலில் நின்ற புது லாரியைக் காட்டினேன். இது தானாக உண்டாகியிருக்குமா, செய்தவர் ஒருவர் இருக்க வேண்டாமா, உலகமும் அப்படித்தானே என்று அடுக்கினேன். வேறு ஊரில் இது எடுபட்டிருக்கும். நான் பேசியது லாரி கட்டுகிற சீமையில் என்பது, அவர் வாய் திறந்த பிறகுதான் உறைத்தது.

"சேஸிஸ் வடக்க இருந்து வந்துச்சுங்க. கேபின் நாமக்கல்ல, பாடி திருச்செங்கோட்டுல, பெயிண்ட் இங்க. அந்தக் கணக்குல உலகத்துக்கு நாலு சாமியாச்சும் வேணுமில்லீங்க?"

நாலு சாட்சி

அடுத்த முறை அவர் மனைவியின் பைபிளைப் படித்துவிட்டு வந்திருந்தார். இயேசுவின் வரலாற்றை எழுதிய நாலு பேரில், அவர் கல்லறையில் ஒரு தூதன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், இரண்டு பேர் என்று இன்னொருவர். எது சரி என்றார். இரண்டு பேர் இருந்தால் ஒருவரும் இருந்ததாகத்தானே அர்த்தம் என்று தொடங்கி, டீ ஆறி ஆடை கட்டும்வரை சரிக்கட்டினேன். சொல்லச் சொல்ல, எனக்கே நான் எதையோ மறைக்கிற ஆள் போலத் தோன்றியது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க லாரி மாட்டு மேல மோதுனப்ப எங்காளுங்க நாலு பேரும் ஒரு சொல்லு மாறாம சாட்சி சொன்னாங்க. பொய்யின்னு கோர்ட்டுல அப்பவே கண்டுபுடிச்சுட்டாங்க. நீங்க எதுக்குங்க உக்காந்து சரிக்கட்டறீங்க?"

மாத்திரை

ராஜாமணி அக்காவுக்குச் சர்க்கரை. ஜெபிக்கச் சொன்னார். நானும் உருக்கமாக ஜெபித்து ஆமென் சொன்ன கையோடு, சாப்பாட்டு நேரமாயிற்றே என்று சட்டைப் பையிலிருந்து என் சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தவரே ராஜாமணி அக்காதான்.

"மாத்திரையில பாதிய எனக்குக் குடுங்க, ஜெபத்துல பாதிய நீங்க வெச்சுக்கங்க."

செவ்வாய்க்கிழமை

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. கடைசியாக ஒருமுறை ஆபீஸுக்குப் போனேன். நான் உட்காருவதற்குள், உங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லையா என்று கந்தசாமி கேட்டார். அதற்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. பல மேடைகளில் சொன்னது. வாய்வரைக்கும் வந்ததும் எனக்கே அலுத்துப்போனது. வெளியே காரில் ராஜாமணி அக்கா காத்திருந்தார். பழைய பதிலைச் சொன்னால் அவர் சபைக்கு வரலாம், உள்ளதைச் சொன்னால் வராமல் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் நம்புகிறேன், செவ்வாய்க்கிழமை வாக்கில் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது என்றேன். காரியம் கெட்டது என்று எழுந்தேன். அவர் என்னை விட்டுவிட்டு வாசலில் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரீஸ் அடிச்ச லாரியும் அப்படித்தானுங்க, ஓட ஓடக் காஞ்சு போயிரும். அதுக்குத்தான் வாராவாரம் கூப்புடறீங்களாட்ட இருக்குது. செரி, அவ வரட்டும். நீங்களும் உடாமப் போங்க."

இத்தனை வருஷம் நான் பாடுபட்டு மறைத்துவைத்த சந்தேகம்தான், நான் சொன்னவற்றிலேயே கந்தசாமி மறுத்துப் பேசாத ஒரே காரணம்.