சூசை அண்ணன் போட்ட சிவப்புக் கோடு

ஞாயிறு காலை, பூசைக்கு முந்தி, சூசை அண்ணன் போய்விட்டார் என்று அவர் மருமகள் தொலைபேசியில் அழுதாள். அந்நேரம் அவரிடம் ஒரு சங்கதி சொல்லத்தான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அதை அவரை அறிந்த தெமோதரை ஊர்க்காரர்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, விமான எஞ்சின் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் அவர். என் பேத்தி வெளிநாட்டு வேலைக்குப் பறக்கப்போகிறாள் என்று போன வாரம் அவரிடம் பெருமையடிக்கப் போனேன்.

"தங்கச்சி, பேத்திக்கு முந்தி நீங்க பறந்துருவீங்க போலயே!"

"விளையாடாதீங்கண்ணே. எஞ்சின் தீப்பிடிக்குமா?"

"எஞ்சினுக்குள்ள எப்பவும் நெருப்புதான். அது வெளிய வந்தாத்தான் ஆபத்து."

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கும்படி சொன்னார். அதிர்ந்து அதிர்ந்து எரிபொருள் குழாயின் நட்டுத் தளரும், கசிவது சூடேறிய இரும்பில் தெறிக்கும், அவ்வளவுதான். அதனால் நட்டை இறுக்கியதும், நட்டிலிருந்து குழாய்வரை சிவப்பு மையால் ஒரே கோடு இழுப்பார்களாம். நட்டு அசைந்தால் கோடு இரண்டாகிவிடும்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது. ஒருமுறை பறக்கும்போதே ஓர் எஞ்சின் எரிந்ததாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அவிழ்ந்திருந்தது அவர் கைவைத்த நட்டு. மையெல்லாம் தீயில் போய்விட்டது.

"தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாங்க, எந்திரிச்சேன். இறுக்கிக் கோடு போட்டேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரல. கோடு போட்ட நட்டு அவிழ்ந்து நான் பாத்ததில்ல தங்கச்சி. அப்ப நான் போடலதானே?"

சனி பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கேட்காமலே என் கேஸ் சிலிண்டர் நட்டை இறுக்கி, இருமுறை அசைத்துப் பார்த்து, கோடு இழுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஞாயிறு காலை அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். கேஸ் வாடை. குனிந்து பார்த்தால் கோடு இரண்டாகக் கிடந்தது. வீட்டில் நான் ஒருத்திதான். மண்சரிவில் பாதை மூடியதிலிருந்து, வீட்டை அதிரவைக்கும் ரயிலும் ஓடுவதில்லை. சிலிண்டரை மூடிவிட்டு, அவரிடம் ஓடத்தான் புறப்பட்டேன்.

பெட்டியை மூடுமுன் அவர் காதில் சொன்னேன்: "கோடு போட்ட நட்டும் அவிழுதண்ணே. நீங்க போட்டிருப்பீங்க."

நட்டை நான் மறுபடி இறுக்கவில்லை. இப்போது விறகில்தான் சமையல். அந்த இரண்டு துண்டுக் கோடு அப்படியே இருக்கிறது.