காலைக் கொடுக்கத் தயங்கிய ஆயர்

"மானிடவியல் படிச்சா ஆத்துமா ரட்சிக்கப்படுமா டீச்சர்?"

தாம்பரத்தில் ஓர் இறையியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேறு ஜனங்களிடையே ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு மானிடவியல் எடுப்பது என் வேலை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், துக்க வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்றெல்லாம் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கிற பாடம். கடைசியாக இப்படிக் கேட்டவர் எங்கள் சபை ஆயர். தங்கமான மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. எனக்கும் அப்படித்தான் என்பதால் ஒத்துப்போனது.

மறைமலை நகர் கம்பெனிகளில் வேலை செய்யும் சந்தால் பழங்குடிக் குடும்பங்கள் சில, மின்சார ரயிலேறி எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தன. ஜார்க்கண்ட் கிறிஸ்தவர்கள். அவர்களில் மங்கள் என்பவர் பல வருஷமாக இங்கே இருப்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் குழந்தைக்கு ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம். முன்பு ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போனதால், மனைவி சுமித்ரா அந்த நாளுக்காக ஏங்கிக் காத்திருந்தாள்.

பெரிய வியாழன்

இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதை நினைத்து நடத்தும் கால் கழுவும் ஆராதனையில், இந்த முறை இந்தச் சந்தால் ஜனங்களின் காலைத்தான் கழுவ வேண்டும் என்று ஆயருக்கு ஆசை. நல்ல எண்ணம்தான். கமிட்டிக்காரர்கள் வெந்நீர் போட்டு, அதில் டெட்டாலும் ஊற்றி வைத்தார்கள். அவர்கள் சுறுசுறுப்பு அப்படி. ஆயர் முழங்காலிட்டுக் கழுவித் துடைக்கும்போது அழுதுவிட்டார். சபையே அழுதது, நானும் மூக்கைச் சிந்தினேன். முடிந்ததும் பாடகர் குழுவுக்கு ஒத்திகை பார்க்க இடம் வேண்டியிருந்தது. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு லெமன் சாதப் பொட்டலத்தைக் கேட்டில் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி ஆராதனைக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. மாலையில் மங்கள் ஆயருக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு ஞானஸ்நானம் வேணாம் ஐயா. எங்க ஊர்லயே குடுத்துக்குறோம்."

ஆயர் நொந்துபோய் என் வீட்டுக்கு வந்தார். "என்ன குறை வச்சோம் டீச்சர்? காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். நீங்கதான பாடம் எடுத்தீங்க, சொல்லுங்க."

"எனக்கும் தெரியல ஐயா. பாடத்துல எல்லாமா இருக்கும்? நேர்ல போய்க் கேப்போம், வாங்க."

சனிக்கிழமை

மறைமலை நகரில் ஒரே அறைதான் வீடு. மங்கள் வாசலுக்கு வந்தார், உள்ளே கூப்பிடவில்லை. ஆயர் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்க ஊர்ல சொந்தக்காரங்க வந்தா சொம்புல தண்ணி கொண்டாந்து கால் கழுவுவோம் ஐயா. கழுவினா, நீ எங்க ஆளு, உள்ள வா, கூட உக்காந்து சாப்புடுன்னு அர்த்தம். அன்னைக்கு சுமித்ரா ரொம்ப அழுதா. இந்த ஊர்ல முதல் தடவயா நம்மள உள்ள கூப்புட்டாங்கன்னு. அப்புறம் நீங்க பொட்டலத்தக் குடுத்து வெளிய அனுப்பிட்டீங்க."

அன்று சுமித்ராவும் அழுதாள், நாங்களும் அழுதோம். அதே தண்ணீரில் நாங்கள் எங்கள் தாழ்மையைப் பார்த்தோம். அவள் தனக்கொரு வீட்டைப் பார்த்திருக்கிறாள்.

"மன்னிச்சிருங்க தம்பி. சத்தியமா எங்களுக்குத் தெரியல" என்றார் ஆயர்.

மங்களுக்குப் பின்னால் நின்ற சுமித்ரா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், சொம்பில் தண்ணீரும் ஒரு தாம்பாளமுமாக வந்து ஆயர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"ஐயையோ, வேணாம்மா! நீ போய் என் கால..."

மங்கள் முகம் சட்டென்று வாடியது. இத்தோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஐயா, பேசாம காலைக் குடுங்க" என்று அதட்டினேன்.

ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது, மனுஷர் கூனிக் குறுகிப்போனார். சுமித்ரா அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவரது பித்தவெடிப்புக் காலை ஏந்தி நிதானமாகக் கழுவித் துடைத்து, தலை தாழ்த்தி வணங்கினாள். அடுத்து என் கால். விருந்தோம்பலைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் என் பாதத்தில் பட்டபோது, அத்தனையும் வெறும் பேச்சாகத் தோன்றியது.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். சுமித்ரா குழந்தையைக் கொண்டுவந்து ஆயர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் ஐயா?" என்றார் மங்கள். ஆயர் குழந்தையை அணைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் ஊரப்பாக்கம் தாண்டும்வரை ஆயர் வாயே திறக்கவில்லை. அது எனக்குத் தெரிந்து நடக்காத அதிசயம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வருஷா வருஷம் கழுவுறேன் டீச்சர். மண்டி போட்டுக் கழுவும்போதும் நான்தான் வீட்டுக்காரனா இருந்திருக்கேன். ஒரு தடவகூட விருந்தாளியா இருந்ததில்ல."

வேறொரு ஜனத்தாரிடம் ஊழியத்துக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கொடுப்பதற்கு அவசரப்படாதீர்கள். முதலில் அவர்கள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, அவர்கள் தருவதைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் யாரென்று அங்கேதான் தெரியும், நாம் யாரென்றும்.