பக்கத்து சீட்

எங்கள் மாமா இருபத்திரண்டு வருஷம் பந்தயக் கார் ஓட்டினார். ரோட்டில் ஓடும் அதே மாதிரிக் கார்தான். எடை குறைய வேண்டுமென்று ஓட்டுபவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டையெல்லாம் கழற்றிவிடுவார்கள்.

ஆறு வயதில் அவர் மகள் உள்ளே எட்டிப் பார்த்து, "நான் எங்கப்பா உக்கார்றது?" என்றாள்.

"பந்தயமெல்லாம் முடியட்டும்மா" என்றார். எங்கே முடிந்தது? ஊர் ஊராகப் போனார். அத்தை கோபித்துக்கொண்டு மகளோடு கிளம்பிப் போன நாளும் அவர் ஏதோ ஒரு பந்தயத்தின் தகுதிச் சுற்றில்தான் இருந்தார்.

ஓய்வு பெற்றதும் ஐந்து சீட் கார் வாங்கினார். மகள் இப்போது வேறு தேசத்தில் இருக்கிறாள்.

நேற்று கடைவாசலில் அவரைப் பார்த்தேன். காய்கறிப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். ஆள்தான் என்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது. பையைப் பின்னால் தூக்கிப் போட்டிருக்கலாம். மனுஷன் அதற்கு பெல்ட் மாட்டிவிட்டு, வளைவில் அது சாயாமல் மெதுவாகத் திருப்பிக்கொண்டு போனார்.