இன்குபேட்டர் கதவின் கொக்கி

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே இருந்த பழுதுபார்க்கும் அறைதான் அக்காவின் ராஜ்ஜியம். காதோரம் எந்நேரமும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதமே ‘திருப்புளி அக்கா’ ஆகிவிட்டார். எதையும் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. உடைந்த தள்ளுவண்டியின் சக்கரம் கட்டில் காலில் மறுபிறவி எடுக்கும்.

ஒரு திங்கட்கிழமை, பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலி இறங்கி வந்தார்.

“அக்கா, இன்குபேட்டர் கதவு மூடவே மாட்டேங்குது. சூடெல்லாம் வெளிய போகுது. அந்தக் கொக்கியைக் கம்பெனிக்காரங்க இப்ப செய்யறதே இல்லையாம். சனிக்கிழமை பழைய சாமான் வண்டியில ஏத்திடச் சொல்லிட்டாங்க.”

“புதுசு?”

“வரும்போது வரும். இருக்கிறதே ரெண்டு. ஒண்ணு போச்சுன்னா குழந்தைங்கள வரிசையில நிக்கச் சொல்ல முடியுமா?”

கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கொக்கி. அதற்காக முழு இயந்திரமும் குப்பைக்குப் போவதா? பல நாட்டுப் பழுதுபார்ப்பவர்கள் கூடும் இணையக் குழுவில் அக்கா படம் போட்டார். மறுநாளே கடல் கடந்த ஊரிலிருந்து ஒரு தாடிக்காரர், தன்னிடமிருந்த அதே கொக்கியை அளந்து வரைபடம் அனுப்பியிருந்தார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் பாலிடெக்னிக்கின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சடித்து மாட்டினார். கதவு மூடியது; கையை எடுத்ததும் பல்லிளித்தது.

மண்டையை உடைத்துக்கொண்டார். வியாழனன்றுதான் உறைத்தது. தாடிக்காரரின் கொக்கியும் பத்து வருடம் உழைத்தது. தேய்ந்ததை அளந்தால் தேய்மானமும் சேர்ந்தே அச்சாகும். குழுவில் இதை எழுதியதும் தாடிக்காரர், தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினார். அதைப் பார்த்த வேறொரு நாட்டுப் பெண், தன்னிடம் பிரிக்காத உறையில் ஒரு புதுக் கொக்கி இருப்பதாகச் சொன்னார். அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருந்தது. ‘உங்கள் அவசரமும் அவசரம்தானே’ என்று உறையைப் பிரித்து அளந்து அனுப்பினார்.

வெள்ளி காலை அச்சடித்த கொக்கி ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டும் சூடு ஒரு புள்ளி இறங்கவில்லை. மருத்துவரும் சோதித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

சனிக்கிழமை வண்டிக்காரர் வந்தார். “எதை ஏத்தணும்?”

“ஒண்ணுமில்ல தம்பி, வீணா அலைஞ்சிட்டீங்க,” என்றார் செவிலி. “வேணும்னா அக்காவை ஏத்திக்கிட்டுப் போங்க. அஞ்சு நாளா வீட்டுக்கே ஒழுங்கா போகல.”

அக்கா வரைபடத்தை எல்லோருக்குமாகக் குழுவில் போட்டார். அதன் கீழ் ஒரு வரி: ‘தேய்ந்த கொக்கியை அளக்காதீர்கள், அந்தத் தப்பை நாங்களே செய்துவிட்டோம்.’

வீட்டில் கணவர் காத்திருந்தார். “உலகத்தையே கூட்டி ஒரு கதவை மூடிட்ட. நம்ம ஃபேன் மூணு மாசமா கத்துது. அதுக்கு எந்த நாட்டைக் கூப்பிடணும்?”

“அதுக்கு எந்த நாடும் ஒத்துக்கலைங்க.”

ஆனாலும் ஞாயிறன்று அக்கா அதைக் கழற்றி மாட்டினார். கத்தல் முனகலாகக் குறைந்தது. அக்கா காலமாகி இப்போது ஒரு வருடம் ஆகிறது. ஃபேன் முனகிக்கொண்டே சுற்றுகிறது. வேறு கை அதில் படக் கணவர் விடுவதில்லை.