உல்கான் ஆறு ஆறு நிமிடமாகத் திருப்பிய கடிகாரம்

கசகசாக் காயை வேகவைத்த தண்ணீரையா கொடுத்தாள் உல்கான்? அப்படிச் சொல்கிறவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நூல் ஆலைக் குழந்தைகள் காப்பகத்தில் அவள் அறைக் குழந்தைகள் மட்டும் அழாமல் தூங்கியது அந்தத் தண்ணீரால்தான் என்று குழாயடியில் இன்றைக்கும் பேசுகிறார்களாம். பதினான்கு வருடம் அங்கே கஞ்சி காய்ச்சியவள் நான். அவள் அறைக்குப் போன ஒவ்வொரு கிண்ணமும் என் கையால் ஊற்றியது. எனக்குத் தெரியாதது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

உல்கானுடைய முதல் குழந்தை, ஏழு மாதத்துப் பெண், பருத்தி எடுக்கும் காலத்தில் மாமியார் கொடுத்த அந்தத் தண்ணீரைக் குடித்துத் தூங்கியது. எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு ரொட்டிமேல் தூவிய கசகசாவைக்கூட உதறிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். அவளைப் போய்ச் சொல்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்.

சோவியத் ஆட்சியில், கோடை வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்து, ஏப்ரலில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதும், அக்டோபர் முதல் தேதி பின்னால் இழுப்பதும் தொடங்கிய புதிது. பெரியவர்களுக்கு அது கொட்டாவியோடு போயிற்று. கைக்குழந்தை மாஸ்கோவைக் கண்டதா? முதல் அக்டோபரில் கஞ்சிக்கு ஒரு மணி முன்பே பசித்துக் கத்தின. கஞ்சி வரும்போது அழுது களைத்துச் சுருண்டிருந்தன. சுவரில் ஒட்டிய அட்டவணைப்படி பன்னிரண்டு மணிக்குத்தான் தூங்க வேண்டும். பதினொன்றுக்கே கண் சொருகும் குழந்தையை உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினால் தூக்கம் கலைந்து அலறாமல் என்ன செய்யும்? டைரக்டர் அம்மா ரிம்மா வாசலில் நின்று கடிகாரத்தையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்ப்பாள். குழந்தைகளைப் பார்க்க மாட்டாள்.

அடுத்த வருடம் அக்டோபருக்குப் பத்து நாள் முன்பே உல்கான் தொடங்கினாள். காலையில் முதல் ஆளாக வந்து, நாற்காலியில் ஏறி, தன் அறைக் கடிகாரத்தை ஆறு நிமிடம் பின்னால் வைத்தாள். மறுநாள் இன்னொரு ஆறு. கஞ்சி ஆறு நிமிடம் தள்ளி, திரை மூடுவதும் ஆறு நிமிடம் தள்ளி. அட்டவணையையும் மீறவில்லை, குழந்தைக்கும் தெரியவில்லை.

"அக்கா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றாள் என்னிடம். "அரசாங்கக் கடிகாரத்துல கை வெச்சேன்னு டைரக்டர் அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவா."

"ஏண்டி, கேட்டுட்டே செய்யலாமில்ல?"

"போன வருஷமே கேட்டேன். 'நாடே ஒரே ராத்திரில மாத்துது, மகாராணி உனக்கு மட்டும் பத்து நாளா?'ன்னா."

இரண்டாம் நாள்தான் வினை வந்தது. அன்றைக்குக் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் பின்னால் இருந்தது. நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்த புர்மகானின் ஐந்து மாதப் பையன் உல்கான் அறையில் இருந்தான். தினமும் பத்து மணியிலிருந்து பத்தரை வரை பால் கொடுக்க அவளை விடுவார்கள். கொடுத்து முடித்து நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். "பத்து பதிமூணுதானா! பய குதிரைக்குட்டி மாதிரி குடிச்சிட்டான் அக்கா," என்று சிரித்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். கடிகாரம் எனக்கும் மறந்துவிட்டது. அந்தக் கடிகாரத்தில் பத்தரை ஆகும்வரை அவள் நிதானமாகக் குடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஆலை வாசல் கரும்பலகையில் அவள் பெயர், வேலை நேரத்தைத் திருடியவள் என்று. "கடிகாரத்தப் பாத்துட்டுத்தானே அக்கா போனேன், என் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அழுதாள். உல்கான் அணையாடையை மடித்துக்கொண்டே இருந்தாள். நான் பாத்திரம் தேய்த்தேன். வாய் திறக்காதது தப்பு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தப்பில் பாதி என்னுடையது. மறுநாளிலிருந்து பையனை என் சமையலறைக்கே கொண்டுவந்து பால் கொடுக்க வைத்து, அவளை நேரத்தோடு அனுப்பினோம்.

அக்டோபர் முதல் தேதி பக்கத்து அறைகளில் ஒரே ஓலம். உல்கானின் பதினொரு குழந்தைகளும் பன்னிரண்டு அடித்ததும் தூங்கின. "பொணம் மாதிரி கெடக்குதுங்க, என்னத்த ஊத்துறாளோ," என்றாள் பக்கத்து அறை ஆயா. மதியம் அவள் சொன்னது, சாயங்காலம் ஆலை முழுக்க அதே பேச்சு. பையனைத் தூக்க வந்த புர்மகான், உல்கான் பார்க்கப் பார்க்க கசகசா வாடை வருகிறதா என்று அவன் வாயை முகர்ந்தாள்.

அந்த வாரக் கூட்டத்தில் யாரும் கூப்பிடாமலே உல்கான் எழுந்து நின்றாள்.

"புர்மகான் பேர அழிங்க. அவ திருடல. என் கடிகாரத்தத் திருப்பி வெச்சது நான்."

"அப்போ அந்தத் தண்ணி?" என்றாள் டைரக்டர் அம்மா.

"தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம். அவ்வளவுதான்."

"ஆறு நிமிஷத்துல புள்ள தூங்குமாம்! என் வீட்டுக்காரருக்கும் ரெண்டு வாங்கிட்டு வா," என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது. நான் கடைசி வரிசையில், தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பலகையில் பெயரை அழித்தார்கள். உல்கானை வெள்ளிக்கிழமையோடு நிற்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை வேலை செய்தாள். வேலைக்குக் கட்டும் ஏப்ரனைத் துவைத்து என் அடுப்புக் கம்பியில் காயப் போட்டாள். குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தாய்மார் கையில் கொடுத்தாள். கடைசியாக வந்தது புர்மகான். பையனை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள், தன்னை அறியாமலே, அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

உல்கான் அதைப் பார்த்தாள். குனிந்து காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.